கொல்வது வெடியா, கூரையா?

எங்கோ ஒரு ஆலை வெடிக்கிறது. எங்கோ ஒரு கிடங்கு வெடிக்கிறது. பத்துப் பேர், ஐம்பது பேர், இருநூறு பேர் பிணமாகிறார்கள். மறுநாள் நிர்வாகம் அறிக்கை விடுகிறது: "எதிர்பாராத விபத்து!" மந்திரி வருகிறார், நிவாரணத் தொகை அறிவிக்கிறார், போகிறார். பெரிய மனிதர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்: "வெடி என்று வந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? அவரவர் தலைவிதி!"

இந்தத் தலைவிதித் தத்துவத்தை நாம் ஏற்க மறுக்கிறோம்.

வெடி விபத்தில் யார் சாகிறார்கள், யார் பிழைக்கிறார்கள் என்பது வெடித்த பிறகு முடிவாகிற விஷயமல்ல. அது வெகு காலத்துக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எந்தச் சுவருக்குப் பின்னால் யாரை உட்கார வைப்பது, எந்தக் கூரைக்குக் கீழே யாரைச் சாப்பிடச் சொல்வது, எந்தக் கிடங்கின் பக்கத்தில் யாரைக் குடியிருக்க விடுவது என்று தீர்மானிக்கிற அன்றே முடிவாகிவிடுகிறது. அதைத் தீர்மானிப்பது விதியா? இல்லை. பணத்தைக் கணக்குப் பார்க்கிற மனிதர்கள்!

வெறும் ஆத்திரத்தில் இப்படிச் சொல்லவில்லை. கட்டிட விஞ்ஞானமே சொல்கிறது. அந்த விஞ்ஞானத்தை ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். இஞ்சினியருக்கு மட்டும் சொந்தமாக அதை விட்டுவிடக் கூடாது.

வெடி என்ன செய்கிறது?

கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடுகிறார்கள். நூறு கஜத்துக்கு அப்பால் இருக்கிற வீட்டின் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று நடுங்குகிறது. ஏன்? வெடித்த இடத்தில் இருந்த காற்று ஒரே நொடியில் நெருக்கித் தள்ளப்படுகிறது. குளத்தில் கல் விழுந்தால் அலை பரவுவதுபோல அந்த நெருக்கம் நாலா பக்கமும் பரவுகிறது. வேட்டு சிறியது, கண்ணாடி நடுங்குவதோடு சரி. வேட்டுக்குப் பதில் நூற்றுக் கணக்கான டன் வெடிபொருள் என்றால் அதே அலை சுவரைப் பெயர்த்துப் போடுகிறது.

பாய்லர் ஓட்டுகிற தொழிலாளிக்கு அழுத்தக் கணக்கு தெரியும். மீட்டரில் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று முள் காட்டும். வெடியின் அலையையும் அதே கணக்கில்தான் அளக்கிறார்கள்.

சதுர அங்குலத்துக்கு 1 பவுண்டு. கேட்டால் மிகச் சிறியதாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அடிக்கு 10 அடி சுவர் என்றால் 14,400 சதுர அங்குலம். அங்குலத்துக்கு ஒரு பவுண்டு வீதம் மொத்தம் 14,400 பவுண்டு. அதாவது ஆறரை டன்! ஒரு லாரி பாரத்தைச் சுவரின் மேல் படுக்கப் போட்டதற்குச் சமம். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் புயல்கூடச் சுவரை அழுத்துவது அங்குலத்துக்கு 0.15 பவுண்டு வாக்கில்தான். அந்தப் புயலிலேயே நம் குடிசைகள் என்ன பாடுபடுகின்றன என்பது தஞ்சைப் பகுதி விவசாயத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். அலை வருகிற திசைக்கு நேர் எதிரே நிற்கிற சுவரில் அது மோதித் திரும்புகிறது. அப்போது அந்தச் சுவரின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது; வெடிக்கு மிக அருகே என்றால் இன்னும் பல மடங்காகிறது. அலை கதவு, ஜன்னல் வழியாக உள்ளே புகுந்து மேல்தளத்தைக் கீழிருந்து மேலே தூக்குகிறது. நம் கட்டிடத்தில் தளமும் உத்தரமும் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டப்பட்டவை. கீழிருந்து தூக்கினால் தாங்குவதற்கல்ல. ஒரு கணம் தூக்கிவிட்டு அலை போய்விடுகிறது. பிளந்த தளம் உள்ளே இருப்பவர்களின் தலைமேல் விழுகிறது. அலைக்குப் பின்னால் காற்று வற்றி ஒரு உறிஞ்சலும் வருகிறது. உடையாமல் தப்பிய கண்ணாடியை அது வெளியே இழுத்துத் தெருவில் கொட்டுகிறது.

இவ்வளவும் கண் மூடித் திறப்பதற்குள் நடந்து முடிகிறது.

உடம்பு தாங்குகிறது, சுவர் தாங்கவில்லை!

இனித்தான் முக்கியமான விஷயம் வருகிறது.

சாதாரண ஜன்னல் கண்ணாடி கால் பவுண்டு, அரைப் பவுண்டு அழுத்தத்திலேயே உடையத் தொடங்குகிறது. 1 பவுண்டில் பெரும்பாலான கண்ணாடிகள் தூள். 2, 3 பவுண்டில் கம்பி போடாத கான்கிரீட் பிளாக் சுவர் நொறுங்குகிறது. 5 முதல் 7 பவுண்டுக்குள் சாதாரண வீடுகள் அநேகமாகத் தரைமட்டம்.

மனித உடம்பின் கணக்கு என்ன? காதின் சவ்வு கிழிவது ஏறத்தாழ 5 பவுண்டில். நுரையீரல் சேதமடையத் தொடங்குவது ஏறத்தாழ 15 பவுண்டில்.

பார்த்தீர்களா? செங்கல்லையும் சிமெண்டையும்விட எலும்பும் தசையும் அதிகம் தாங்குகின்றன! வீடு நொறுங்குகிற அழுத்தத்தில் மனிதனுடைய நுரையீரல் பிழைத்துவிடுகிறது. பிறகு மனிதன் எதனால் சாகிறான்? மேலே விழுகிற கூரையால் சாகிறான். பாய்ந்து வருகிற கண்ணாடியால் சாகிறான். சரிகிற சுவரால் சாகிறான். வெடிக்கு வெகு அருகே நிற்கிறவனைக் காற்றலையே கொன்றுவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் சற்றுத் தள்ளி இருப்பவர்களில் மிகப் பலரைக் கொல்வது வெடியல்ல. அவர்கள் தலைக்கு மேல் கட்டிவைத்த மோசமான கட்டிடம்.

மோசமான கட்டிடத்தைக் கட்டியது விதியா?

பிளிக்ஸ்பரோவின் பதினெட்டுப் பேர்

இங்கிலாந்தில் பிளிக்ஸ்பரோ என்ற ஊரில் நைலான் தொழிலுக்கு மூலப்பொருள் செய்யும் ஒரு ரசாயன ஆலை. அங்கே ஒரு ரியாக்டர் கலம் விரிசல் விட்டது. அதைக் கழற்றிவிட்டு, உற்பத்தி நிற்கக் கூடாது என்ற அவசரத்தில், அந்த இடத்தைத் தாண்டிச் செல்ல 20 அங்குலக் குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். அதற்கு முறையான வரைபடம் உண்டா? இல்லை. பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார்கள், அதுதான் வரைபடம்! இதைப் பரிசீலிக்க வேண்டிய தலைமை இஞ்சினியர் பதவியோ காலி.

1974 ஜூன் 1, சனிக்கிழமை மாலை. அந்தக் குழாய் கிழிந்தது. டன் கணக்கில் எரிவாயு மேகமாகக் கிளம்பி வெடித்தது. 28 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் 18 பேர் ஒரே கட்டிடத்தில் மாண்டார்கள். எந்தக் கட்டிடம்? ஆலையைக் கண்காணிக்கிற கண்ட்ரோல் ரூம்! அபாயத்தை முதலில் பார்க்க வேண்டியவர்கள், கடைசிவரை உட்கார்ந்து யந்திரத்தை நிறுத்த வேண்டியவர்கள் இருக்கிற அறை. ஜன்னல்கள் உள்ளே பாய்ந்தன. கூரை இடிந்து விழுந்தது. அந்த அறையிலிருந்து ஒருவர்கூட உயிரோடு வரவில்லை.

அன்று சனிக்கிழமை. அலுவலகக் கட்டிடங்களில் ஆள் இல்லை. அவையும் நொறுங்கின. வாரத்தின் நடுவில் ஒரு வேலைநாளாக இருந்திருந்தால் சாவு எத்தனை மடங்காகியிருக்கும்!

கண்ட்ரோல் ரூமை வெடி தாங்கும்படி கட்ட முடியாதா? கட்ட முடியும். பிளிக்ஸ்பரோவுக்குப் பிறகு அப்படித்தான் கட்டத் தொடங்கினார்கள். கம்பி போட்ட கான்கிரீட் சுவர், ஜன்னல் இல்லாத முகப்பு, யந்திரத்திலிருந்து தூரம். இந்த அறிவு 1974-ல் வானத்திலிருந்து குதித்ததல்ல. இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு மழைக்கு நடுவே ராணுவ இஞ்சினியர்கள் கற்றுவைத்திருந்த பாடம். தளபதிகள் ஒளியும் பதுங்குகுழிக்கு அந்த அறிவு பயன்பட்டது. தொழிலாளி உட்காரும் அறைக்கு வந்து சேர 28 பிணங்கள் தேவைப்பட்டன!

தகரக் கொட்டகையில் காண்ட்ராக்ட் தொழிலாளி

சரி, அதற்குப் பிறகாவது பாடம் படித்தார்களா?

2005 மார்ச் 23. அமெரிக்காவில் டெக்ஸாஸ் சிட்டி. உலகத்தின் மிகப் பெரிய எண்ணெய்க் கம்பெனிகளில் ஒன்றான பி.பி.யின் சுத்திகரிப்பு ஆலை. ரிப்பேருக்காக நிறுத்திய ஒரு பிரிவை மறுபடியும் ஓட்டத் தொடங்குகிறார்கள். ஓட்டத் தொடங்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம் என்பது எந்த ஆலைத் தொழிலாளிக்கும் தெரியும். கோபுரத்தில் எண்ணெய் மட்டுக்கு மீறி நிரம்பிவிட்டது. மட்டத்தைக் காட்ட வேண்டிய கருவி பழுது. அதைக் கவனிக்க வேண்டிய தொழிலாளர்களில் சிலர் 29 நாளும் அதற்கு மேலும் ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் தினம் 12 மணி நேரம் வேலை செய்து சோர்ந்திருந்தவர்கள். பகல் 1 மணி 20 நிமிடம். புகைபோக்கியின் வாயால் எண்ணெய் ஊற்றுப்போலப் பீறிட்டு, ஆவி மேகமாகித் தரையில் பரவி வெடித்தது.

15 பேர் மாண்டார்கள். 180 பேர் காயமடைந்தார்கள்.

யார் அந்த 15 பேர்? வெடித்த பிரிவில் வேலை செய்தவர்களா? இல்லை! அத்தனை பேரும் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். பக்கத்தில் வேறொரு பிரிவின் ரிப்பேருக்காக வந்தவர்கள். அவர்களுக்கு அலுவலகமாகக் கொடுத்தது என்ன? டிரெய்லர்! சக்கரத்தில் இழுத்து வந்து நிறுத்துகிற, மரச்சட்டமும் தகடும் அடித்த கொட்டகை. அதை எங்கே நிறுத்தினார்கள்? எண்ணெய் பீறிட்ட அந்தப் புகைபோக்கியிலிருந்து 121 அடி தூரத்தில்! மாண்டவர்கள் எல்லோரும் அந்தக் கொட்டகைகளின் உள்ளே அல்லது அருகே இருந்தவர்கள். ஏறத்தாழ 480 அடி தள்ளி நின்ற கொட்டகையில்கூட ஆட்கள் காயம்பட்டார்கள்.

அந்தப் பிரிவை ஓட்டத் தொடங்குகிறோம், விலகிப் போங்கள் என்று அவர்களுக்கு ஒரு வார்த்தை சொன்னார்களா? சொல்லவில்லை. இன்னும் கேளுங்கள்: அன்று மதியம் அவர்களுக்கு ஒரு விருந்து நடந்தது. எதற்கு? ஒரு மாதம் முழுவதும் ஒரு விபத்துகூட இல்லாமல் வேலை செய்ததைக் கொண்டாட! பாதுகாப்புக்கு விருந்து சாப்பிட்டுவிட்டு அந்தத் தொழிலாளர்கள் மரணக் கொட்டகைக்குத் திரும்பினார்கள்.

1999-ல் இந்தக் கம்பெனி தன் ஆலைகளில் நூற்றுக்கு 25 பங்கு செலவை வெட்டும்படி கட்டளையிட்டது. செலவை வெட்டினால் முதலில் எது வெட்டப்படும்? முதலாளியின் லாபமா? கருவியின் ரிப்பேர் வெட்டப்படும். ஆள் வெட்டப்படும். காண்ட்ராக்ட் தொழிலாளியின் சுவர் வெட்டப்படும்.

அந்தக் கொட்டகையை அரை மைல் தள்ளி நிறுத்த எத்தனை டாலர் ஆகியிருக்கும்? இழுத்துச் செல்லும் டிராக்டரின் டீசல் செலவு! தொழிலாளர்கள் நடந்து வர அரைமணி நேரம் வீணாகுமே என்ற கணக்கு! இந்தச் சில்லறைக்காக 15 உயிர்.

2007-ல் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிகளின் சங்கமே, இம்மாதிரிக் கொட்டகைகளை அபாயப் பிரிவுகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டுமென்று வழிகாட்டி விதி வெளியிட்டது. முடியாது என்று சொன்னவர்கள் பதினைந்து பேர் செத்தபின் முடியும் என்றார்கள். அப்படியானால் அதற்கு முன்னும் முடிந்தே இருந்தது!

பெய்ரூட்டும் மணலியும்

ஆலைக்குள் மட்டுமா இந்தக் கதை? ஊருக்குள்ளும் இதே கதைதான்.

லெபனான் நாட்டின் தலைநகர் பெய்ரூட். 2013-ல் ஒரு ஓட்டைக் கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வந்து அங்கேயே முடங்கியது. அதிலிருந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டை இறக்கி ஒரு சாதாரணக் கிடங்கில் போட்டுப் பூட்டினார்கள். வயலுக்கு உரமாகவும் கல்குவாரிக்கு வெடியாகவும் பயன்படும் பொருள் அது. அதிகாரிகளுக்குத் தெரியும். நீதிமன்றத்துக்குத் தெரியும். மந்திரிகளுக்கும் தெரிவிக்கப்பட்டது. பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஜனங்களுக்கு மட்டும் தெரியாது!

2020 ஆகஸ்டு 4 மாலை. கிடங்கில் தீ. தீயணைப்புப் படையினர் பத்துப் பேர் போனார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களிடமும் யாரும் சொல்லவில்லை. பத்துப் பேரும் திரும்பவில்லை. வெடியில் 200-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஆயிரக் கணக்கானோர் காயமடைந்தார்கள். ஏறத்தாழ 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள். புகை கிளம்புவதைப் பார்க்க ஜனங்கள் ஜன்னலோரம் கூடியிருந்தார்கள். அந்த ஜன்னல்களே அவர்கள்மீது பாய்ந்தன. 1917-ல் கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் எரிந்தபோதும் இதேதான் நடந்தது: வேடிக்கை பார்த்த நூற்றுக் கணக்கானோர் கண்ணிழந்தார்கள். நூறு ஆண்டுக்கு மேல் சென்றும் அந்தப் பாடம் ஜனங்களுக்குச் சொல்லப்படவில்லை. தீயைக் கண்டால் ஜன்னலை விட்டு விலகுங்கள் என்ற ஒரே வரியைச் சொல்ல எந்த சர்க்காருக்கும் வாய் வரவில்லை!

பெய்ரூட்டில் இன்னொரு அதிசயம். வெடித்த கிடங்கை ஒட்டியே ஒரு பிரம்மாண்டமான தானியக் களஞ்சியம் நின்றது. 48 மீட்டர் உயரம். கம்பி போட்ட கான்கிரீட் உருளைகள். வெடிக்கு நேரே இருந்த வரிசை சிதறிப்போயிற்று. ஆனால் பின்வரிசைகள் நின்றன! நகரத்தின் மேற்குப் பக்கத்துக்கு அது கேடயம்போல் நின்று அடியின் வேகத்தைக் குறைத்தது. நெருப்பில் வெந்து அதன் வடபகுதி சரிந்தது 2022-ல்தான்.

இதன் பொருள் என்ன? உலகத்தையே உலுக்கிய அந்த வெடிக்கு வெகு அருகிலும் உறுதியான கட்டிடம் நிற்க முடிகிறது. கோதுமைக்குக் கட்டிய சுவர் நின்றது. மனிதனுக்குக் கட்டிய சுவர் விழுந்தது! வெடிக்கு எந்தக் கட்டிடமும் தாங்காது என்று இனி யாரும் நம்மிடம் பேச வேண்டாம்.

பெய்ரூட் நமக்குத் தூரம் என்று நினைக்காதீர்கள். 2015-ல் சென்னைத் துறைமுகத்தில் பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட், சென்னையை அடுத்த மணலியில் 37 கண்டெய்னர்களில் கிடந்தது. எவ்வளவு? 697 டன்! பெய்ரூட் வெடித்த பிறகுதான் பத்திரிகைகளில் செய்தி வந்தது, ஜனங்கள் பதறினார்கள். உடனே சில நாட்களுக்குள் லாரிகள் வந்தன. சரக்கு ஹைதராபாத்துக்குப் போயிற்று. ஐந்து ஆண்டு முடியாத காரியம் ஐந்தாறு நாளில் எப்படி முடிந்தது? லெபனான் நாட்டு ஏழைகள் செத்து, மணலி ஏழைகளுக்கு விடுதலை வாங்கித் தரவேண்டியிருந்தது. இதுவா நிர்வாகம்?

"செலவு அதிகம்" என்ற பம்மாத்து

"எல்லோருக்கும் கோட்டை கட்டிக் கொடுக்க முடியுமா? செலவு என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். நாம் பதில் சொல்கிறோம்.

முதலில், தூரம். வெடிக்கு எதிராக உலகத்திலேயே மலிவான சுவர் தூரம்தான். அதற்குச் செங்கல் வேண்டாம், சிமெண்டு வேண்டாம். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வேறு விதமாகச் சொன்னால், வெடிபொருளை எட்டு மடங்காக்கினால்தான், இரட்டைத் தூரத்தில் பழைய அழுத்தம் வரும். எட்டுக்கு இரண்டு! இவ்வளவு லாபமான பேரத்தை எந்த வியாபாரியும் விடமாட்டான். ஆனால் இது தொழிலாளிக்கு லாபம் என்பதால் விட்டுவிடுகிறார்கள். ஆலை வளைவுக்குள் காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு அடி நிலமும் அவர்களுக்கு நஷ்டக் கணக்கு.

இரண்டாவது, வளைந்துகொடுக்கும் தன்மை. மண்பானையைக் கீழே போட்டால் உடைகிறது. மூங்கில் கூடையைப் போட்டால் நசுங்கி நிமிர்கிறது. கம்பி இல்லாத சுவர் மண்பானை. கம்பியைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, மூலைகளில் முறையாகப் பிணைத்த கான்கிரீட் மூங்கில் கூடை. வெடியின் அடி மிகக் குறுகிய நேரம்தான் நீடிக்கிறது. அந்த நேரத்தை வளைந்து, விரிசல் விட்டு, ஆனால் விழாமல் கடந்துவிட்டால் போதும். கட்டிடம் பாழாகலாம்; மனிதன் பிழைப்பான். பாழான கட்டிடத்தை மறுபடி கட்டலாம். பாழான குடும்பத்தை மறுபடி கட்ட முடியுமா?

மூன்றாவது, பிணைப்பு. ஒரு தூண் போனால் மாடி முழுவதும் போகக் கூடாது. 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில், 18-வது மாடியில் ஒரு சமையலறையில் காஸ் வெடித்தது. பெரிய வெடியல்ல. ஒரு சுவர்ப் பலகை வெளியே விழுந்தது. அதன்மேல் நின்ற மாடிகள் சரிந்தன. அவை விழுந்த பாரத்தில் கீழ் மாடிகளும் சரிந்தன. கட்டிடத்தின் ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டுப்போல் இறங்கிற்று. நான்கு பேர் மாண்டார்கள். திறந்து இரண்டே மாதமான கட்டிடம்! உழைப்பாளி மக்களுக்காக நகரசபை கட்டிய வீடுகள். 1986-ல் அதைப் பிரித்தபோது, கலவை இருக்க வேண்டிய இணைப்புகளில் பழைய பத்திரிகைக் காகிதம் திணித்திருந்ததைக் கண்டார்கள். காகிதத்தால் பிணைத்த மாடி! அவசரமும் கான்டிராக்டரின் கொள்ளையும் சேர்ந்தால் இதுதான் நடக்கும்.

நம் வாசலில்

சிவகாசி வட்டாரத்தில் மழை பொய்த்துக் காடு காய்ந்தால் விவசாயத் தொழிலாளி எங்கே போகிறான்? பட்டாசு ஆலைக்குப் போகிறான். அங்கே விதி என்ன சொல்கிறது? சிறு சிறு அறைகள். ஒரு அறைக்கு நான்கு பேர். அறைக்கும் அறைக்கும் இடைவெளி. இது ஏதோ அதிகாரியின் பிடிவாதமல்ல. மேலே சொன்ன விஞ்ஞானமே விதியாக எழுதப்பட்டிருக்கிறது: ஒரு அறை போனால் அடுத்த அறை நிற்க வேண்டும், ஒரு அறையின் சாவு அடுத்த அறைக்குத் தொற்றக் கூடாது.

நான்கு பேர் அறையில் பத்துப் பேரை அடைக்கிற முதலாளி வெறும் விதியை மீறவில்லை. ஆறு பேரைக் கூடுதலாகக் கொல்ல ஏற்பாடு செய்கிறான். இடைவெளியில் பந்தல் போட்டு ஆளை உட்கார வைக்கிறவன், காலியாக இருந்து உயிர் காக்க வேண்டிய இடத்தையே சவக்குழி ஆக்குகிறான். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். வேலை செய்தவர்கள் மட்டுமல்ல. தீயைப் பார்க்கவும் உதவவும் ஓடிவந்த ஜனங்களும் மாண்டார்கள். பெய்ரூட்டின் பாடம், ஹாலிபாக்ஸின் பாடம் அங்கேயும் யாருக்கும் சொல்லப்படவில்லை.

பஞ்சாலைத் தொழிலாளர்களே! 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய்த் துறைமுகத்தை அழித்த கப்பலில் என்ன இருந்தது தெரியுமா? ஏறத்தாழ 1,400 டன் வெடிமருந்தும், அதோடு ஆயிரக் கணக்கான பஞ்சுப் பொதிகளும்! தீப்பற்றும் சரக்கையும் வெடிக்கும் சரக்கையும் ஒரே கப்பலில் ஏற்றினார்கள். பஞ்சில் தீ பிடித்தது, மருந்து வெடித்தது. அணைக்கப் போனவர்களில் 66 தீயணைப்புத் தொழிலாளர்கள் மாண்டார்கள். எதன் பக்கத்தில் எது இருக்கிறது என்று கேட்கிற உரிமை தொழிலாளிக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நாம் கேட்பது என்ன?

போபாலில் விஷவாயு ஆயிரக் கணக்கானோரைக் கொன்ற பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயம் என்ன என்று தொழிலாளிக்கு நிர்வாகம் சொல்லியாக வேண்டும். பாதுகாப்புக் கமிட்டியில் தொழிலாளிக்கு இடம் வேண்டும். ஆபத்து நெருங்குவதாகத் தோன்றினால் எச்சரிக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று எழுதினார்கள். சட்டத்தின் பெயரை மாற்றலாம், எண்ணை மாற்றலாம். பிணங்களின் மேல் எழுதிய அந்த உரிமைகளை மாற்ற யாருக்கும் அதிகாரமில்லை.

ஆகவே ஆலைக்கு ஆலை, கிராமத்துக்குக் கிராமம், இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

நாம் சாப்பிடுகிற கொட்டகை, உடை மாற்றுகிற அறை, கண்ட்ரோல் ரூம் இவையெல்லாம் பாய்லருக்கும் டாங்கிக்கும் எத்தனை அடி தூரம்? அந்தத் தூரத்தை யார் கணக்கிட்டார்கள்? அந்தக் கணக்கைக் காட்டுங்கள்!

யந்திரத்தை நிறுத்தி ஓட்டத் தொடங்கும்போது, அந்த வேலைக்குத் தேவையில்லாத ஆட்களை அப்புறப்படுத்துகிறீர்களா? காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் சங்கு ஊதுகிறீர்களா?

வேலைத்தலத்தை நோக்கிய பெரிய கண்ணாடி ஜன்னல்களுக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைத்திருக்கிறீர்கள்?

நம் ஊர்க் கிடங்கில் என்ன சரக்கு, எத்தனை டன், எத்தனை நாளாக? கிடங்குக்கும் நம் குடியிருப்புக்கும் எவ்வளவு இடைவெளி? எது முதலில் வந்தது, கிடங்கா, குடியிருப்பா?

தீயணைக்க வருகிறவர்களுக்கு அந்தப் பட்டியல் வாசலிலேயே கிடைக்குமா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நிர்வாகத்துக்கு இஞ்சினியர் இருக்கிறார், வரைபடம் இருக்கிறது, பணம் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: கேட்கிறவர்களைக் கண்டு பயம். அந்தப் பயத்தை உண்டாக்குவது நம் வேலை. ஒரு ஆள் கேட்டால் சீட்டைக் கிழிப்பார்கள். ஆலை முழுவதும் சேர்ந்து கேட்டால் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஓடிவருவார்கள்!

வெடித்த பிறகு தரும் நிவாரணத் தொகை நமக்கு வேண்டாம். வெடிப்பதற்கு முன்பே தூரம் வேண்டும், சுவர் வேண்டும், உண்மை வேண்டும். கொல்வது வெடி மட்டுமல்ல, கூரையும்தான்; அந்தக் கூரையை மாற்றச் சொல்லும் உரிமை அதன் கீழே உட்காருகிறவனுக்கு உண்டு.